ஒயின் கோப்பையில் மலைத்தேன்!

காணும் பொங்கல் என்றால் சின்னசேலத்தில் பாதி ஊர் வீட்டில் இருக்காது. சிலர் கோமுகி அணைக்குப் போவார்கள். சிலர் வண்டி கட்டிக்கொண்டு கல்வராயன் மலை ஏறுவார்கள். மிச்சம் இருப்பவர்கள் தோட்டத்துப் பக்கம் மூன்று கல்லை வைத்து அடுப்பு மூட்டி, கூட்டாஞ்சோறு ஆக்குவார்கள்.

அப்படி ஒரு தோட்டம். வீட்டுக்குப் பின்னால் ஒரு வேப்பமரம், கிணறு, அதைத் தாண்டி மரவள்ளிக் காடு. வடக்கே பார்த்தால் நீலமாய்க் கல்வராயன் மலை. அந்த வேப்பமரத்தடியில்தான் நான்கு நண்பர்கள், அவர்கள் குடும்பம், பிள்ளைகள் என்று பதினைந்து பேர் கூடியிருந்தார்கள். நான்கு பேரும் சின்னசேலம் அரசுப் பள்ளியில் ஒன்றாகப் படித்தவர்கள். ஒருவர் வீட்டுக்காரர், மரவள்ளி விவசாயி. ஒருவர் கள்ளக்குறிச்சியில் பள்ளி ஆசிரியர். ஒருவருக்கு பெங்களூருவில் வேலை. நான்காவது ஆள் வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு மலைக்கிராமத்துக்காரர். அந்தக் காலத்தில் விடுதியில் தங்கிப் படித்தவர்.

அடுப்பில் நாட்டுக்கோழி கொதித்துக்கொண்டிருந்தது. இன்னொரு அடுப்பில் மொச்சைக் குழம்பு. தணலுக்குள் மரவள்ளிக் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. மலைக்காரர் கொண்டுவந்த சாமை அரிசியைக் களைந்து உலையில் போட்டார்கள்.

அந்த நேரத்தில்தான் பெங்களூருக்காரர் காரிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியை எடுத்து வந்தார். உள்ளே ஆறு கண்ணாடிக் கோப்பைகள். நீளக் காம்பு வைத்தவை. கூடவே துணியில் சுற்றிய ஒரு பாட்டில்.

"மாப்ள, இது சாராயம் இல்லடா. ஒயின். நந்தி மலைத் திராட்சையில செஞ்சது. குடிக்கிறதுக்கு இல்ல, ருசி பாக்கறதுக்கு. ஆளுக்கு ஒரு மொடக்கு."

யாரும் பதில் சொல்லவில்லை. வீட்டுக்காரரின் அம்மா கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"தம்பி, அந்தப் பாட்டில வண்டியிலேயே வெச்சிடு கண்ணு. இந்த வருஷம் வேணாம். இந்தச் சீமையில கொஞ்ச நாளைக்கி அந்தப் பேச்சே வேணாம்."

அவர் அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

ஒரு ஊரின் காயம்

2024 ஜூன் 18, 19. கள்ளக்குறிச்சி நகரிலேயே இருக்கும் கருணாபுரத்தில் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் வயிற்றுவலி, வாந்தி, கண் தெரியவில்லை என்று அடுத்தடுத்து மருத்துவமனைக்குத் தூக்கிவரப்பட்டார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி என்று நான்கு ஊர் மருத்துவமனைகளில் சிகிச்சை நடந்தது. 65 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். பெண்களும் அதில் உண்டு. அப்பா, அம்மா இருவரையும் இழந்த பிள்ளைகளும் உண்டு.

கொன்றது மெத்தனால். பெயின்ட், வார்னிஷ் போன்றவற்றுக்கான ஆலைகளில் பயன்படும் ரசாயனம் அது. பார்த்தால் சாராயம் மாதிரியே நிறமில்லாமல் இருக்கும். உடம்புக்குள் போனதும் கல்லீரல் அதை முதலில் ஃபார்மால்டிஹைடாகவும், பிறகு ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகிறது. அந்த அமிலம்தான் கண் நரம்பை முதலில் பிடிக்கிறது. 'கண்ணு மங்குது' என்று ஒருவர் சொல்லும்போதே விஷம் பாதி வேலையை முடித்திருக்கும். சில துளிகளை வைத்து ருசி பார்த்தோ, மோந்து பார்த்தோ யாராலும் அதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆசிரியருக்கு அந்தப் பேச்சு பிடிக்காது. இறப்பு நடந்த வீட்டுப் பிள்ளைகள் சிலர் அவர் பள்ளியில் படிக்கிறார்கள். "அந்த வருஷம் ஜூன் மாசம் அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப சில பேரைக் கூப்பிடறதுக்கே பயமா இருந்துச்சுடா" என்று மட்டும் சொன்னார். பிறகு எழுந்துபோய்த் தணலைக் கிளறிவிட்டார்.

பெங்களூருக்காரர் பாட்டிலைத் திரும்பத் துணியில் சுற்றினார். முகம் சுருங்கிப்போனது. "தப்பா நெனச்சிக்காதீங்கம்மா" என்றார்.

"நீ என்னா பண்ணுவ கண்ணு. ஆசையாக் கொண்டாந்த. கிளாஸு நல்லாத்தான் இருக்கு. அதை ஏன் வீணாக்கணும்?" என்றவர், மலைக்காரர் பக்கம் திரும்பினார். "உன் பையில என்னமோ பாட்டிலு இருந்துச்சே, எடு."

பையில் இருந்தது

மலைக்காரர் தயங்கித் தயங்கி மஞ்சப்பையிலிருந்து மூன்று பாட்டில்களை எடுத்தார். மூன்றும் தேன்.

தயங்கியதற்குக் காரணம் உண்டு. காலையில் கச்சிராயபாளையத்தில் பஸ் மாறும்போது பக்கத்துச் சீட்டுக்காரர் பையைப் பார்த்துக் கண்ணடித்தாராம். "என்னா, மலைச் சரக்கா?" என்று கேட்டாராம்.

"எந்த ஊருன்னு கேட்டா இப்பல்லாம் கல்வராயன் மலைன்னு சொல்றதில்லடா. சந்தையில விக்கறப்பவும் மலைத்தேன்னு மட்டும்தான் சொல்றது. எந்த மலைன்னு கேட்டா ஏற்காடுன்னு சொல்லிடுவேன்" என்றார் சிரித்துக்கொண்டே. மற்றவர்கள் சிரிக்கவில்லை.

இந்த மலையின் கதை கொஞ்சம் நீளமானது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. சுமார் 1,095 சதுர கிலோமீட்டர் பரப்பு, 2,000 முதல் 4,000 அடி வரை உயரம். சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. கள்ளக்குறிச்சி, சேலம் உட்பட நான்கு மாவட்டங்களைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது. இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையை ஆள்பவர் மலையாளி. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலை ஏறியதாக அவர்களிடையே ஒரு வழிவழிக் கதை உண்டு.

நாடு 1947-லேயே சுதந்திரம் அடைந்துவிட்டது. இந்த மலையில் ஜாகிர்தார்களின் ஆட்சி முடிவுக்கு வந்ததோ 1976-ல்தான். அதற்குப் பிறகுதான் ரோடு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. நிலப்பட்டா இன்னும் பலருக்குக் கனவு. கையில் காசு புரளாத இடத்தில் சாராய ஊறல் போடுகிறவன் கூலியோடு வந்து நிற்பான். அந்த வலையில் சிலர் விழுந்தார்கள் என்பதை மலைக்காரரும் மறுக்கவில்லை.

"காய்ச்சினவன் இருந்தான். இல்லேன்னு சொல்லல. ஆனா மெத்தனால் எங்க மலையில வெளயுதா? அது கீழேர்ந்து டிரம்மில வந்த சாமான். பழி மட்டும் மலைக்கி ஏறிடுச்சு."

கருணாபுரத்துக்குப் பிறகு 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை குறித்த வழக்கைக் கையில் எடுத்தது. சாராயத்தை ஒழிப்பதென்றால் மலைக்குப் பாதையும் பிழைப்பும் வேண்டும் என்ற பேச்சு அப்போதுதான் கோட்டை வரை கேட்டது.

பார், மோந்து பார், அப்புறம் ருசி பார்

பெங்களூருக்காரர் ஒருமுறை நாசிக் போயிருந்தபோது ஒயின் தோட்டத்தில் ருசி பார்க்கும் முறையைக் கற்றுக்கொண்டிருந்தார். அந்தப் பாடத்தைத் தேனுக்கு எடுக்கலாம் என்று முடிவானது. பிள்ளைகள் பாயை விரித்தார்கள். கோப்பைகளைக் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் தேன்.

"மொதல்ல வெளிச்சத்துல தூக்கிப் பாருங்க. நிறம் என்னான்னு சொல்லுங்க. அப்புறம் கோப்பையை லேசாச் சுத்துங்க. மோந்து பாருங்க. அதுக்கப்புறம் ஒரு சொட்டு, நாக்குல வெச்சி அப்படியே கரைய விடணும். முழுங்கிடக் கூடாது."

ஒரு ஒயினுக்கும் அடுத்த ஒயினுக்கும் நடுவில் வாயைச் சுத்தமாக்க ரொட்டித்துண்டு கொடுப்பார்களாம். இங்கே ரொட்டிக்கு எங்கே போவது? பொங்கலுக்கு வாங்கிய பொரி இருந்தது. ஒரு சொட்டுத் தேன், ஒரு வாய்த் தண்ணீர், நாலு பொரி. அடுத்த கோப்பை.

முதல் கோப்பை மலைத்தேன். பெரிய மலைத்தேனீ பாறை இடுக்கிலும் உயரமான மரக்கிளையிலும் கட்டும் ஒற்றை அடையிலிருந்து, போன சித்திரையில் எடுத்தது. சூரியனுக்கு நேராகப் பிடித்தபோது பழைய செம்புப் பாத்திரத்தின் நிறம். சுற்றினால் கொஞ்சம் இளக்கமாக ஓடியது. இனிப்புக்குப் பின்னால் தொண்டையில் மெல்லிய ஒரு கசப்பு.

"கசக்குதே, கெட்டுப்போச்சா?" என்றாள் ஒரு சிறுமி.

அம்மா ஒரு சொட்டை நாக்கில் வைத்துக் கண்ணை மூடினார். "கெடலடி. நாவப்பூ பூத்திருக்கும் அப்போ. அதான்." மலைக்காரர் வியந்துபோய், ஆமாம் என்று தலையாட்டினார். அந்த அடை இருந்த ஓடைக்கரை முழுக்க நாவல் மரங்களாம்.

இரண்டாவது அடுக்குத்தேன். மரப்பொந்திலும் பாறைப் பொந்திலும் பல அடைகளை வரிசையாக அடுக்கிக் கட்டும் இந்தியத் தேனீயின் தேன். பெட்டி வைத்து வளர்க்க முடிவது இந்தத் தேனீயைத்தான். பெரிய மலைத்தேனீ பெட்டிக்குள் அடங்காது. இந்தத் தேன் வெளிறிய மஞ்சள். வாசனை பூவை விட வெல்லப்பாகுக்குப் பக்கம். பிள்ளைகளின் ஓட்டு எல்லாம் இதற்குத்தான்.

மூன்றாவது கொம்புத்தேன். புதர்க்குச்சியில் உள்ளங்கை அகலத்தில் கட்டும் சின்னத் தேனீயின் தேன். ஓர் அடையில் கிடைப்பதே கொஞ்சம்தான். பாட்டில் அடியில் நாலு விரல் உயரம்தான் இருந்தது. லேசான புளிப்பு. அதைக் கடைசிச் சொட்டு வரை வழித்தவர் ஆசிரியர்.

நாலாவதாக ஒரு கோப்பையை வீட்டுக்காரரின் மகன் கள்ளச் சிரிப்போடு நீட்டினான். "இது எதுன்னு கண்டுபிடிங்க ஆயா!"

அம்மா மோந்தார். மறுபடி மோந்தார். "இது கடையில வாங்குனது. இனிப்பு இருக்கு. ஊரு இல்ல."

அந்த ஒரு வார்த்தைக்காகவே அன்று எல்லோரும் கூடியது மாதிரி இருந்தது. பெங்களூருக்காரர் கைதட்டினார். "நாசிக்ல அந்த ஆளு அரைமணி நேரம் சொன்னதை நீங்க ரெண்டு வார்த்தையில சொல்லிட்டீங்கம்மா!"

அசலா, போலியா?

தேன் என்றதும் எல்லோருக்கும் வரும் சந்தேகம் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் வந்தது. தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் நிற்க வேண்டும், தீக்குச்சியில் தடவினால் எரிய வேண்டும் என்று ஆளுக்கு ஒரு சோதனை சொன்னார்கள்.

இவை எதையும் நம்பி முடிவுக்கு வர முடியாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீருக்கு அடியில் நிற்கும். 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேன்களைப் பரிசோதித்தது. ஜெர்மனியில் நடந்த உயர்தரச் சோதனை உட்பட எல்லாவற்றிலும் தேறியவை மூன்று மட்டுமே. சோதனைக்கூடத்தையே ஏமாற்றும் பாகு இருக்கும்போது தீக்குச்சி என்ன செய்யும்? எடுத்தவர் யார், எந்த ஊர், எந்த மாதம் என்று கேட்டு வாங்குவதே நமக்குள்ள வழி.

தேன் உறைந்து சீனி மாதிரி ஆனால் போலி என்று பலர் கொட்டிவிடுகிறார்கள். வேண்டாம். குளுக்கோஸ் அதிகமுள்ள அசல் தேனும் உறையும். பாட்டிலை இளஞ்சூடான தண்ணீரில் நிறுத்தி வைத்தால் பழையபடி இளகிவிடும்.

பச்சைக் குழந்தை நாக்கில் தேன் தடவுவது நம் வீடுகளில் வழக்கம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது என்கிறார்கள் மருத்துவர்கள். தேனில் இருக்கக்கூடிய பாக்டீரியா வித்து பெரியவர்களை ஒன்றும் செய்யாது. பிஞ்சுக் குடலில் அது விஷத்தை உண்டாக்கிவிடலாம்.

"தேன் கெட்டே போகாதுன்னு சொல்றாங்களே?" என்றார் வீட்டுக்காரரின் மனைவி.

"தண்ணி பட்டா கெடும்க்கா. மழை நாள்ல எடுத்தா நொர கட்டிப் புளிச்சிடும்" என்றார் மலைக்காரர். தேனில் நீர் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி. அதைத் தாண்டினால் ஈஸ்ட் வேலையை ஆரம்பித்துவிடும். தேன் மெல்ல மதுவாகும்.

ஆசிரியருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுக்குப் பேருதான் தேறல். சங்க காலத்துல மலைக்காரங்க தேனை மூங்கில் குழாய்ல ஊத்திப் பக்குவம் பண்ணுவாங்க. ஒயின் பாட்டிலுக்கு முன்னாடியே நம்ம ஊருல அது இருந்துச்சுடா."

"அப்ப நீ அதை வேணாம்னு சொன்னது?" என்று மடக்கினார் பெங்களூருக்காரர்.

"அதுக்கும் பதில் நம்ம மாவட்டத்துலயே இருக்கு" என்றார் ஆசிரியர். திருக்கோவிலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரியைக் கபிலர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். காலையிலேயே கள்ளைக் குடித்துக் களிப்பில் இருக்கும்போது தேரைத் தூக்கிக் கொடுப்பது எவனுக்கும் எளிது, காரியோ அந்த மயக்கம் இல்லாமலே கொடுப்பவன் என்பது அந்தப் பாட்டின் கருத்து. அந்தக் கபிலரின் பெயரில்தான் திருக்கோவிலூரில் தென்பெண்ணையாற்றுக்கு நடுவே கபிலர் குன்று நிற்கிறது.

"தெளிவா இருந்து குடுக்கறதுதான் பெருசுன்னு ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே சொல்லிட்டான்" என்றார் ஆசிரியர். குடத்திலிருந்து தண்ணீர் மொண்டுகொண்டிருந்த அம்மா, "அந்தப் புள்ள நல்லா சொல்லியிருக்கான்" என்றார், கபிலர் பக்கத்துத் தெருப் பையன் போல.

பாட்டிலில் ஒரு பெயர்

சாப்பாடு முடிய நாலு மணி ஆனது. சாமைச் சோற்றில் கோழிக்குழம்பு. அதற்கு மேல், தோலுரித்த சுட்ட மரவள்ளிக் கிழங்கைப் பிட்டு, மலைத்தேனில் தொட்டு ஒரு வாய். தணலின் புகை வாசமும் தேனின் கசப்பும் சேர்ந்த அந்த ருசிக்கு எந்த ஓட்டலிலும் பெயர் கிடையாது.

கிளம்பும் நேரத்தில் பெங்களூருக்காரர் கேட்டார். "மாப்ள, எங்க அபார்ட்மென்ட்ல அம்பது வீடு இருக்கு. அடுத்த சித்திரைத் தேன்ல இருபது பாட்டிலு குடுப்பியா? ஆனா ஒரு கண்டிஷன். லேபிள்ல ஊரு பேரு இருக்கணும்."

மலைக்காரர் தரையைப் பார்த்தார். "கல்வராயன்னு போட்டா வாங்குவாங்களாடா?"

"ஒயின்ல ஊரு பேருதான்டா விலை. நாசிக் பள்ளத்தாக்கு ஒயினுக்குப் புவிசார் குறியீடு இருக்கு. நம்ம பக்கத்துல பாரு. கொடைக்கானல் பூண்டுக்கு வாங்கிட்டாங்க. கம்பம் பன்னீர் திராட்சைக்கு வாங்கிட்டாங்க. சேலம் ஜவ்வரிசிக்கு வாங்கிட்டாங்க. இவன் காட்டுக் கிழங்கு போய்ச் சேர்றதே அந்த ஜவ்வரிசி ஆலைக்குத்தான்" என்று வீட்டுக்காரரைக் காட்டினார். "ஊரு பேரை மறைச்சி வித்தா கடைத் தேன் மாதிரிதான். அம்மா சொன்னாங்க இல்ல, இனிப்பு இருக்கும், ஊரு இருக்காது."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. கசப்பு என்று சொன்ன அந்தச் சிறுமி நோட்டுப் புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு, "மாமா, சொல்லுங்க. என்னா எழுதணும்?" என்றாள்.

மலைக்காரர் மலையைப் பார்த்தார். சூரியன் இறங்கிக்கொண்டிருந்ததால் அது நீலம் மாறிக் கறுத்திருந்தது.

"மலைத்தேன். சித்திரை மாசம். நாவப்பூ" என்றார். சிறுமி எழுதிவிட்டு நிமிர்ந்து காத்திருந்தாள்.

"கல்வராயன் மலை" என்றார். "பெருசா எழுது பாப்பா."

போக நினைப்பவர்களுக்கு...

சேலம் - விருத்தாசலம் ரயில் பாதையில் இருக்கிறது சின்னசேலம். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் போகும் பேருந்துகளிலும் வரலாம். இங்கிருந்தும் கள்ளக்குறிச்சியிலிருந்தும் கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைப் பார்த்துவிட்டு வெள்ளிமலைக்கு மலை ஏறலாம். மழைக்காலம் முடிந்த கையோடு போனால் மேகம், பெரியார் அருவிகளில் தண்ணீர் இருக்கும். கோடையில் அருவி வற்றிவிடும், ஆனால் அதுதான் தேன் எடுக்கும் காலம். வளைவுகள் அதிகம் என்பதால் இருட்டுவதற்குள் இறங்கிவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கை மலையில் விட்டு வராதீர்கள். வழியில் யாராவது தேனோ சாமையோ விற்றால், விலை கேட்பதற்கு முன்னால் எந்த ஊர் என்று கேளுங்கள்.